பாதி கழுவிய கூரை

குறிஞ்சிப்பாடி போகிற வழியில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபம் நான் கட்டியது. அஸ்திவாரம் தோண்டும்போது களிமண்ணைப் பார்த்த ஒரு இன்ஜினியர், இங்கே தூண் நிற்காது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். தூண் நிற்கிறது. சேத்தியாத்தோப்பில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் ஒரு தெருவே நிம்மதியாகத் தூங்குகிறதென்றால் அது நான் போட்ட வாய்க்கால். பெரும் புயல் அடித்த வருஷம் நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் மரமெல்லாம் மல்லாந்தபோது சாயாமல் நின்ற சைக்கிள் ஸ்டாண்டு என்னுடையது. ஜாமீன் போட ஆளில்லை, சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லை, அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்த வீட்டுப் பிள்ளை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, பர்மனென்ட் ஆகாமலே வெளியே வந்து, பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவன். இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கை வைத்த ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கிறது. கல்வெட்டு வைக்காத இடத்தில் சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதிவிடுவேன். ஒன்றில் மட்டும் இல்லை. அது ஒரு கூரை. அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர் ஒரு மேடம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

மேடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்தில் அதிகாரி. மேடம் இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். ஐம்பதை நெருங்கின வயதில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். என்னை முதல் நாளே ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். நான் கடை வைத்திருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சரிங்க அண்ணாச்சி என்றார்.

என்னை அவர் கூப்பிட்டது அவர்களுடைய குவார்ட்டர்ஸில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று. போனேன். வாஷர் தேய்ந்திருந்தது. ஒரு குழந்தைகூட மாற்றிவிடும். ஸ்பேனரை எடுத்தேன். மேடம் குறுக்கே வந்து நின்றார்.

“கை வைக்காதீய அண்ணாச்சி. எப்பம் ஒழுகுதுன்னு இன்னும் பாக்கலை.”

எனக்குப் புரியவில்லை. ஒழுகுகிறது, அதனால்தானே கூப்பிட்டீர்கள் என்றேன். அவர் சொன்ன விளக்கம் இது: காலையில் டேங்க் நிரம்பியிருக்கும்போது ஒழுகுகிறது, சாயங்காலம் நின்றுவிடுகிறது. அது வாஷரால் ஒழுகுகிறதா, தண்ணீரின் அழுத்தத்தால் ஒழுகுகிறதா? வாஷரை மாற்றிவிட்டால் பிறகு அதை எப்படித் தெரிந்துகொள்வது? என்னைக் கூப்பிட்டது மாற்றுவதற்கில்லை, குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவதற்காம். படம் போட்டுக் காட்டினேன். டீ கொடுத்தார். குழாய் அதன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம் சொன்னபோது அவள், “அந்தம்மாவுக்குக் கொயா ஒயுவுறது புடிச்சிருக்குது, உனக்கு இன்னா” என்றாள்.

அவருடைய குணமே அதுதான். எது கெட்டாலும் அவருக்குக் கோபம் வராது, துக்கமும் வராது. எப்படிக் கெடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குறிஞ்சிப்பாடித் தறியில் எடுத்த நல்ல சேலை ஒன்று, மாந்தளிர் நிறம். அதன் பாதியில் பழைய செய்தித்தாளைச் சுற்றி ஊக்குக் குத்தி மொட்டை வெயிலில் கொடியில் போட்டிருந்தார். வெளுக்குமே என்று பதறினேன். வெளுக்கத்தான் போட்டிருக்கிறேன் என்றார். பிறகு அந்தச் சேலையை, பாதி மாந்தளிரும் பாதி சாம்பலுமாக, கல்லூரிக்கே கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குக் காட்டவாம். என் வாழ்க்கை முழுக்க, உடைந்ததை ஒட்டியும் சாய்ந்ததை நிமிர்த்தியும் சம்பாதித்தவன் நான். இப்படி ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் பின்பக்கம் செடி வளர்த்த பழைய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதை அவருக்குக் கொடுத்தார்கள். உள்ளே சிமென்ட் மேடை கட்டி, குழாய் இழுத்து, காற்றுக் குமிழி விடும் மோட்டார் மாட்டிக் கொடுத்தது நான். மேடையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்குள் பச்சைத் தண்ணீர். பார்த்தால் மூடி வைக்காத தொட்டியில் படிகிற பாசிதான். அதைக் காசு கொடுத்துத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள், இவர் குழந்தை மாதிரி வளர்த்தார்.

இரண்டு வகைப் பாசி இருந்தது. ஒன்று ஊரில் உள்ள சாதாரணப் பாசி. இன்னொன்று அவர் இரண்டு மூன்று வருஷம் பாடுபட்டுத் தேடிப் பிரித்தெடுத்த, பிறவியிலேயே மாறிப்போன பாசி. அவர் அதை மியூட்டன்ட் என்பார். கேரட்டில் இருக்கிற மஞ்சள் சாயத்தில் ஒரு வகை எல்லாப் பச்சைக்குள்ளும் கொஞ்சம் இருக்குமாம். வெயில் அதிகமானால் அந்த மிச்ச வெயிலைச் சூடாக வெளியே தள்ளிவிடுவது அதன் வேலை. இந்த மாறிப்போன பாசிக்கு அது இல்லை. நான் கேட்டதும் பிடித்துக்கொண்டேன். அனல் மின் நிலையத்துக் கொதிகலனில் அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்து ஊரே கேட்கிற மாதிரி ஆவி சீறும் அல்லவா, அந்த வால்வு இல்லாத கொதிகலன் இது. சொன்னேன். மேடம் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் அவசரம் என்னவென்றால், பட்டத்துக்குப் பதிவு செய்த காலம் ஏற்கனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது என்று அவருடைய கைடு சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் ஏதாவது ஒரு முடிவைக் கையில் கொண்டு போய்க் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வருஷமும் போச்சு. ஆனால் அந்த ஜாடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பாசியும் ஒரே மாதிரி பச்சைப்பசேல் என்று வளர்ந்தன. வால்வு இல்லாததும் நன்றாகத்தான் இருந்தது. மேடம் முகத்தில் முதல் முறையாகக் கவலையைப் பார்த்தேன். கெடாததைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

டவுன்ஷிப்பில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அரசாங்க விடுமுறை என்று வீட்டில் படுக்கிற பண்டிகை இல்லை அது. மண்வெட்டியிலிருந்து மலை மாதிரி நிற்கிற இயந்திரம் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி சுண்டல் கொடுத்து முடிக்கிறபோது இடுப்பு போய்விடும். நான் கான்ட்ராக்ட் எடுத்த எந்த இடத்தையும் அழுக்காக விட்டுவிட்டுப் பூஜை போட்டதில்லை. மேடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. என் பிட்டர் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மோட்டாரைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். மேடைக்கு ஒரு பொட்டு. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன்.

கூரை ஃபைபர் ஷீட். வெளிச்சம் விடுகிற வகை. ஆனால் போட்ட நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. கரித்தூளும் சாம்பலும் படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தோல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. எனக்கு மானம் போயிற்று. என் பொறுப்பில் இருக்கிற கூரை அது. ஏணி போட்டு ஏழுமலையை மேலே ஏற்றி, சோப்புத் தூள் கரைத்து, தென்னந்துடைப்பத்தால் ஒரு மூலை விடாமல் தேய்க்க வைத்தேன். முடித்தபோது ஷெட்டுக்குள் கண் கூசியது. இப்போதுதான் பாசி நன்றாக வளரும் என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டுப் பூசணிக்காயை உடைத்தேன். மழைக்கு முந்தின வாரம் அது. வானத்தில் ஒரு மேகமில்லை. வெயில் காய்ந்தது பாருங்கள்.

மேடம் திரும்பி வந்த அன்று காலையில் போன் அடித்தார். வாங்க அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார். போனேன். சாதாரணப் பாசி இருந்த ஜாடிகள் பச்சையாகவே இருந்தன. மாறிப்போன பாசி இருந்த ஜாடிகள் வெளிறி, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகியிருந்தன. மேடம் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூரையில என்ன பண்ணுனீய?”

கழுவினேன் என்றேன். எந்த நேரத்தில் ஆரம்பித்தேன், எந்தப் பக்கத்திலிருந்து, சோப்பு உள்ளே சொட்டியதா, ஜாடிகளுக்கு மூடி இருந்ததா, எல்லாம் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். மூடி இருந்தது, ஒரு சொட்டும் விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. சும்மா செய்து கொடுத்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. சரி, பச்சை வலை வாங்கி மேலே கட்டிவிடுகிறேன், மருந்து ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடலாம் என்றேன்.

“சரிபண்ணக் கூடாது அண்ணாச்சி. பாதிக் கூரையை இப்படியே விடுங்க. மீதிப் பாதியைப் பழையபடி அழுக்காக்கித் தாங்க.”

நான் ஐம்பது வருஷமாக வேலை செய்கிறவன். கழுவு என்று சொல்லியிருக்கிறார்கள். உடை என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அழுக்காக்கு என்று ஒரு மனுஷர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மேடம் பின்னாலேயே வந்தார். கெஞ்சவில்லை. பொங்கலுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாதா என்ன. மழை வேறு, இன்றோ நாளையோ பிடித்துக்கொள்ளும். நான் திரும்ப உள்ளே போனேன்.

ஏழுமலை ஏணியைத் தூக்கவே மாட்டேன் என்று நின்றான். “இன்னா மேஸ்திரி, போன வாரம் தேச்சிக்கினு இருந்தேன், முதுவு இன்னும் நிமிரல. இப்ப பூசுன்றியே. அந்தம்மாவுக்குத்தான் ஒரு மாதிரி, உனக்குமா?” என்றான். அவனைச் சமாளித்தது ஒரு பாடு. அழுக்கை ஒட்டவைப்பது அதைவிடப் பெரிய பாடு. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் காய்ந்து உதிர்ந்தது. மேலே பூசினால் மழை கழுவிவிடும். குறிஞ்சிப்பாடியில் நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாம்பலை நைசாகச் சலித்துக் கஞ்சியில் குழைத்து, ஷீட்டின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தில் பூசினேன். நின்றது. மேடம் கையில் வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைத்துக்கொண்டு, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே ஜாஸ்தி, துடையுங்க என்று உயிரை எடுத்தார். பழைய அழுக்கின் அளவு அவரிடம் இருந்ததாம். புது அழுக்கு அதற்குச் சமமாக இருக்க வேண்டுமாம். அழுக்கில் என்ன சமம், கூடுதல், குறைவு என்று கேட்டேன். மீட்டரைத்தான் பார்த்தார்.

அதோடு விட்டாரா? இல்லை. அடுத்த கேள்வி வந்தது. வெயிலில் பாசிக்குள் என்ன உடைகிறது என்பதை எனக்கு அவர் சொன்னபோது, எனக்குச் சுரங்கம் ஞாபகம் வந்தது. நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணை வெட்டுகிற பெரிய சக்கர இயந்திரத்தில் வாளி வாளியாக இருக்கும். ஒவ்வொரு வாளியின் விளிம்பிலும் இரும்புப் பல். வெட்ட வெட்டப் பல் தேயும். ஷிப்டுக்கு ஷிப்டு பிட்டர் போய்ப் பல்லை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் சக்கரம் ஓடும். நான் இளம்வயதில் அந்தப் பல்லைத் தோளில் தூக்கிப் போனவன். பச்சைக்குள்ளும் அப்படித்தானாம். வெயிலைப் பிடிக்கிற வேலையில் ஒரு பாகம் தினமும் தேய்ந்து உடைகிறது, பாசியே அதைத் தினமும் புதிதாகச் செய்து மாற்றிக்கொள்கிறது. இதைக் கேட்டதும் நான் பட்டென்று சொன்னேன்: அப்படியானால் உங்கள் மாறிப்போன பாசியில் பல் மாற்றுகிறவன் சோம்பேறி. எந்தக் கான்ட்ராக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

மேடம் ஒரு ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு, “பல்லு சீக்கிரம் தேயுதா, இல்ல மாத்துறவன் மெதுவா மாத்துறானா? ரெண்டும் வெளிய பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். மாத்துறவனை நிப்பாட்டிட்டுப் பாக்கணும்” என்றார்.

நிறுத்துவதற்கு மருந்து இருந்தது. அதை ஜாடியில் விட்டால் பாசியால் புதுப்பாகம் செய்ய முடியாது. தேய்வது மட்டும் நடக்கும். அதை விட்டார். ஏற்கனவே செத்துக்கொண்டிருக்கிற பாசி. அதன் பிட்டரை வேண்டுமென்றே வீட்டுக்கு அனுப்புகிறார். பட்டம் போகிற நிலைமையில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை செய்கிற காரியமா இது? வாய்விட்டே கேட்டேன். உங்களுக்குப் பாசி பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா?

“எப்படிச் சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் எப்படிப் பிழைக்கும்னு சொல்ல முடியும். பக்கத்துல உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது, மீதிக் கூரை இன்னும் காயவில்லை. மேடம் தனியாக நிழலில் எடுத்து வைத்திருந்த பாசியைப் புதிதாக நிரப்பி, கழுவின பாதிக்குக் கீழே இரண்டு வகை ஜாடிகள், அழுக்குப் பாதிக்குக் கீழே இரண்டு வகை ஜாடிகள். ஒவ்வொரு வகையிலும் மருந்து விட்டதும் விடாததும். அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து ஒரு பெட்டிக்குள் வைப்பார். எத்தனை பல் இன்னும் உடையாமல் வேலை செய்கிறது என்று பெட்டி ஒரு எண் காட்டும். வெயிலில் மருந்து விட்ட சாதாரணப் பாசியின் எண் மெல்ல மெல்ல இறங்கியது. மருந்து விட்ட மாறிப்போன பாசியின் எண் மாடிப்படியிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. பிட்டர் இரண்டு இடத்திலும் இல்லை. ஆகவே அவன்மேல் தப்பில்லை. வால்வு இல்லாததால் பல் அத்தனை வேகமாகத் தேய்கிறது. நான் சொன்னது சரியில்லை என்று ஆனதில் எனக்கு வருத்தமில்லை. நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பிட்டரை நிறுத்திப் பார்த்திருக்கவே மாட்டார். அதை யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கழுவின பக்கம் வெளிறிப்போன ஜாடிகளில் மருந்து விடாதவற்றை எடுத்து, நான் சாம்பல் பூசின பக்கத்தில் வைத்தார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் போனபோது அந்த வெளிறின தண்ணீருக்குள் லேசாக ஒரு பச்சை. நாற்றங்காலில் முளை தெரிகிற முதல் நாள் இருக்குமே, தூரத்தில் நின்றால் தெரியும், குனிந்து பார்த்தால் தெரியாது, அந்த மாதிரி. உள்ளே இருக்கிற பிட்டர் நிழல் கிடைத்ததும் வேலையை முடித்துவிட்டான். என் சாம்பலுக்குக் கீழே. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டாரா என்றால், மீட்டரைத் தேடினார். மீட்டர் அவர் கையிலேயே இருந்தது.

மழை வந்தது. உள்பக்கம் பூசின சாம்பல் ஒரு துளிகூடக் கரையவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு கைடிடம் போனார். ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பட்டம் உறுதி என்று ஆனதும் கல்லூரி அரங்கில் எல்லோருக்கும் ஒருமுறை பேசினார். என்னையும் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் என் கூரை வந்தது, பாதி பளபளவென்று, பாதி சாம்பலாக. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடம் சொன்னார், எனக்கு அது அப்படியே மனப்பாடம்:

“தற்செயலாக இந்தக் கூரை கழுவப்பட்டதால், ஒளி கூடினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.”

பிறகு வாளிப் பல்லைச் சொன்னார். சேஃப்டி வால்வைச் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கடைசியில் நன்றி சொல்கிறபோது கைடு, கல்லூரி, வீட்டுக்காரர், கருவி கொடுத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் வரவில்லை.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை. அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ஆராய்ச்சிக்கென்று நீங்கள் கழுவவில்லையே, அதனால் அதைத் தற்செயல் என்றுதான் எழுத முடியும், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமல்லவா என்றார். சரி, கழுவினது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம், பூசினது? யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றின அன்று நானும் போயிருந்தேன். லாரி கிளம்பும்போது சமையலறையைக் காட்டி, “இப்பம் மாத்திக்கோங்க அண்ணாச்சி, பாத்தாச்சு” என்றார். வாஷரா அழுத்தமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு வரைக்கும் எந்த ஒழுகுகிற குழாயைப் பார்த்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். அந்தக் கெட்ட பழக்கம் அவரால் வந்தது.

ஷெட் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், பாதிக் கூரையில் என் சாம்பல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

மேடம் இதைப் படித்தால், படிப்பார், ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எத்தனையோ பேர் கூலிக்கு இருந்திருக்கிறார்கள். தற்செயல் என்று ஒருவன் இருந்ததில்லை. ஆயுத பூஜைக்கு அந்தக் கூரையைக் கழுவ வைத்தவன் நான். ஏணியில் ஏறித் தேய்த்தவன் ஏழுமலை. கஞ்சியில் சாம்பல் குழைத்து வெளிச்சத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தவன் நான். பல்லும் வால்வும் என் வாயிலிருந்து வந்தவை. உங்கள் ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போடும்போது நன்றி சொல்கிற பக்கத்தில், கருவி கொடுத்தவர்களுக்கு முன்னால், இந்த இரண்டு பெயரும் முழுதாக வர வேண்டும். வருகிற அன்றைக்கு உங்கள் பெயரையும் நான் இங்கே எழுதிக்கொள்கிறேன்.